பொதுவழியில் வெட்டிய கிணறு

மதரஸாவில் ஃபிக்ஹுப் பாடம் நடத்தும் எந்த உஸ்தாதும் ஒரு கிணற்றைப் பற்றிச் சொல்லாமல் இழப்பீட்டுப் பாடத்தைக் கடந்து செல்வதில்லை. ஒருவன் பொதுவழியில், எவருடைய அனுமதியும் இன்றி, ஒரு கிணற்றை வெட்டிவிட்டுப் போகிறான். இரவில் அவ்வழியே வந்த வழிப்போக்கன் அதில் விழுந்து இறந்து போகிறான். வெட்டியவன் அவனைத் தள்ளவில்லை. அவன் யாரென்று அறியவும் மாட்டான். அவன் விழுந்த வேளையில் இவன் தன் வீட்டில் நிம்மதியாக உறங்கிக் கொண்டிருந்திருப்பான். ஆயினும் அவ்வுயிருக்கு இவனே பொறுப்பாளி, ளமான் இவன் மீதே என்று சட்ட மேதைகள் முடிவு செய்தார்கள். அதே கிணற்றை அவன் தன் சொந்த நிலத்தில் வெட்டியிருந்தால் பொறுப்பு இல்லை. செயல் ஒன்றுதான், இடந்தான் வேறு.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இப்பாடத்தை நடத்தி வருகிறேன். அது என்னைக் குறித்த பாடமாகவும் இருக்கக் கூடும் என்பது என் மூத்த சகோதரியின் மரணத்திற்குப் பின்னரே என் உள்ளத்தில் உறைத்தது.

அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் இருந்தது. காலில் ஏற்பட்ட சிறு புண் பழுத்து, ஊரிலிருந்து நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் நிலை வந்தது. புண்ணின் சீழை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் இளம் மருத்துவர் ஒருவர் சோதனைத் தாளை என்னிடம் காட்டினார். இடப்பக்கம் மருந்துகளின் பெயர்கள். அவற்றின் எதிரே ஒவ்வோர் எழுத்து. 'எஸ்' என்றால் அம்மருந்துக்குக் கிருமி கட்டுப்படும். 'ஆர்' என்றால் கட்டுப்படாது. மேலிருந்து கீழ்வரை ஏறத்தாழ எல்லாம் 'ஆர்' என்றே இருந்தது. எஞ்சிய மருந்தோ சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியது. அதையும் கொடுத்துப் பார்த்தார்கள். பதினோராம் நாள் அவர் மறைந்தார். இறைவன் நாடியது நடந்தது என்று சொல்லி அடக்கம் செய்தோம்.

அந்த நாட்களில் ஒருமுறை நான் மருத்துவரிடம், "என் சகோதரி இந்த மருந்துகளில் பலவற்றைத் தம் வாழ்நாளில் உண்டதே இல்லையே, பிறகு எப்படி இவை பயனற்றுப் போயின?" என்று கேட்டேன். அவர் சொன்ன மறுமொழி இதுதான்: "அவர் உண்ண வேண்டியதில்லை, ஹஜ்ரத். உண்டவர்கள் வேறு யாராகவோ இருக்கலாம். பழகிப் போன கிருமி இவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது."

இறைநாட்டத்தை ஏற்பது ஈமானின் பாற்பட்டது. ஆனால் கிணற்றில் விழுந்து இறந்தவனும் இறைநாட்டத்தின்படியே இறந்தான். அதனால் வெட்டியவனைப் பற்றிய கேள்வி அற்றுப் போகவில்லை. எனவே, அந்த 'வேறு யாரோ' யார் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கையும் இதே எண்ணம் தொட்டிருக்கிறது என்பதைப் பின்னர் படித்து வியந்தேன். 1928ஆம் ஆண்டு லண்டனில் செயின்ட் மேரி மருத்துவமனையில், தற்செயலாக வந்து படிந்த பூஞ்சணம் ஒன்று தன்னைச் சுற்றியிருந்த கிருமிகளை அழித்து நிற்பதை அவர் கண்டார். ஃபுளோரி, செயின் ஆகியோரின் உழைப்பால் அது மருந்தாயிற்று. 1941இல் ஆக்ஸ்ஃபோர்டில் அதை முதன்முதலாகச் செலுத்திய காவலர் ஒருவர் தேறி வந்த நிலையில் மருந்து தீர்ந்து போயிற்று. அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தியும் அவரைக் காக்க முடியவில்லை. அன்று அது அத்துணை அரிய பொருள். நான்கே ஆண்டுகள் கழித்து, 1945 டிசம்பரில், மூவரும் நோபல் பரிசு பெற்றனர். தம் உரையின் முடிவில் ஃபிளெமிங் ஒரு கற்பனைக் குடும்பத்தைப் பற்றிப் பேசினார். கணவனுக்குத் தொண்டை வலி. தானே பென்சிலின் வாங்கிச் சிறிதளவு உண்கிறான். கிருமியைக் கொல்ல அந்த அளவு போதவில்லை. ஆனால் மருந்தை எதிர்த்து நிற்க அதற்குக் கற்பித்துவிடப் போதுமானதாக இருந்தது. அக்கிருமி மனைவியைத் தொற்றுகிறது. அவளுக்கு நுரையீரல் அழற்சி. பென்சிலின் கொடுக்கிறார்கள், பயனில்லை, இறந்து போகிறாள். இம்மரணத்திற்குப் பொறுப்பாளி யார் என்று அறிஞர் அவையில் அவர் கேட்டார்; கணவனே என்று தாமே விடையும் கூறினார்.

இதில் ஒரு விந்தையுண்டு. தொண்டை வலியைத் தரும் அந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனம் இன்றுவரை பென்சிலினை எதிர்க்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஃபிளெமிங் எடுத்துக்கொண்ட சாட்சி பிழைத்தது. வழக்கு மட்டும் நின்றது. ஏனைய எத்தனையோ கிருமிகள் கற்றுக்கொண்டன. பென்சிலினைச் சிதைக்கும் நொதி ஒன்று கிருமிகளிடம் இருப்பதை, அம்மருந்து மக்களின் கைக்கு வருமுன்பே, 1940இல், ஏப்ரஹாமும் செயினும் கண்டிருந்தார்கள். அந்நொதிக்கு ஈடுகொடுக்க 1959இல் மெத்திசிலின் வந்தது. 1961இலேயே அதை வென்ற கிருமி இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்டது.

நாம் கிணற்றுக்கு மீள்வோம். ஃபிளெமிங் கூறிய கணவன் தன் தொண்டைக்குத்தான் மருந்து உண்டான். தன் நிலத்தில் கிணறு வெட்டியவனுக்குப் பொறுப்பில்லை என்ற விதிப்படி, அவன் தப்பிவிடலாமே? என் உடல் என் நிலம் அன்றோ?

இங்குதான் இன்றைய அறிவியல் ஃபிக்ஹு மாணவனுக்குச் சிந்திக்க ஓர் இடம் தருகிறது. கிருமிகளைப் பொறுத்தவரை என் உடல் வேலியிட்ட நிலம் அன்று. போக்குவரத்து நிறைந்த பொதுவழி. குடலிலும் தோலிலும் மூக்கிலும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நமக்கு நன்மை செய்பவை. தொண்டைக்கென்று நாம் விழுங்கும் மருந்து தொண்டையோடு நிற்பதில்லை, குடலுக்கும் போகிறது. அங்கே எளியவை மடிகின்றன. மருந்தைத் தாங்கும் வலிமை ஏதோ ஒரு வகையில் வாய்த்த சில மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. அவை கையின் வழியாகவும் கழிவுநீரின் வழியாகவும் அடுத்த வீட்டுக்குச் செல்கின்றன. இன்னும் ஒன்றுண்டு. 1959இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், வயிற்றுக்கடுப்பைத் தரும் ஷிகெல்லா என்னும் கிருமி, பல மருந்துகளை எதிர்க்கும் திறத்தை வேறோர் இனக் கிருமிக்கு அப்படியே கைமாற்றித் தருவதைக் கண்டனர். உஸ்தாது ஒருவர் தாம் எழுதிய கிதாபை வேற்று மதரஸாவின் மாணவனுக்குப் படியெடுத்துக் கொடுப்பது போல! ஆகவே, நான் எவ்வித நோய்க்கு மருந்துண்டேனோ அந்த நோயோடு நிற்கும் விவகாரம் அன்று இது. என் வயிற்றில் வெட்டிய கிணறு பொதுவழியில் வெட்டிய கிணறேயாகும்.

ஆனால் ஒரு காஜியின் முன் இவ்வழக்கைக் கொண்டு செல்ல முடியுமா? முடியாது. நேரடியாகச் செய்தவனை முபாஷிர் என்றும், காரணமாக அமைந்தவனை முதஸப்பிப் என்றும் நம் நூல்கள் பிரிக்கின்றன. காரணமாக அமைந்தவனைப் பொறுப்பாளியாக்க, அவன் வரம்பு மீறினான் என்பதும், அவன் செயலிலிருந்துதான் இந்தத் தீங்கு விளைந்தது என்பதும் நிலைநாட்டப்பட வேண்டும். என் சகோதரியின் காலில் இருந்த கிருமி யாருடைய வயிற்றிலிருந்து புறப்பட்டது? எந்தப் பண்ணையிலிருந்து? எந்த மருத்துவமனைக் கட்டிலிலிருந்து? எவராலும் சொல்ல முடியாது. கோடிப் பேர் ஆளுக்கு ஒரு பிடி மண்ணை அள்ளியதில் உண்டான கிணறு அது. கப்பலின் அடித்தளத்தில் துளையிட முனைந்தவர்களைப் பற்றிய நபிமொழியை நம் மேடைகளில் கேளாதவர் இல்லை. அங்கே துளையிடுபவனைக் கண்ணால் காணலாம். கையைப் பிடித்துத் தடுக்கலாம். துளையிட்டவனும் மற்றவரோடு சேர்ந்தே மூழ்குவான். இங்கே துளையிட்டவன் கரையேறிய பிறகு, எங்கோ, எவனோ மூழ்குகிறான்.

அவ்வாறு மூழ்குவோர் எத்தனை பேர்? 2022இல் லான்செட் இதழில் வெளியான உலகளாவிய கணக்கீடு ஒன்றின்படி, 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்களால் நேரடியாக இறந்தோர் 12.7 லட்சம் பேர். அந்நுண்ணுயிர்களோடு தொடர்புபட்ட மரணங்கள் 49.5 லட்சம். இத்தனை ஜனாஸாக்களுக்கும் குற்றவாளி என்று நிறுத்த ஒருவனும் இல்லை. உலகச் சட்டத்தில் தீர்ப்பளிக்க முடியாத ஒன்று இறைவன் முன்னிலையிலும் தீர்ப்பின்றிப் போகும் என்று நம் முன்னோர் கருதியதில்லை. நீதிமன்றப் பொறுப்பு வேறு, மனச்சான்றின் பொறுப்பு வேறு என்று அவர்கள் பிரித்ததே இத்தகைய இடங்களுக்காகத்தான்.

இனி என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மதரஸா விடுதியின் மருந்துப் பெட்டி பல்லாண்டுகளாக என் பொறுப்பில் இருந்தது. அறுபது பிள்ளைகள். மழைக்காலம் வந்தால் ஒருவன் தும்மினால் அறுபது பேரும் தும்முவார்கள். ஒரு பிள்ளைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை வைத்து மறு பிள்ளைக்கும் வாங்குவேன். மருந்துக் கடையில் சீட்டைக் கேட்பதும் அரிது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. காய்ச்சல் தணிந்தால் நிறுத்திவிடு. மிச்சத்தைப் பெட்டியில் போடு, அடுத்தவனுக்கு ஆகும். ஒன்றையும் வீணாக்கவில்லை என்ற பெருமிதம் வேறு எனக்கு. ஹஜ்ரத்துக்குக் கைராசி உண்டு என்று பெற்றோர்கள் சொல்லும்போது உள்ளூர மகிழ்ந்ததும் உண்டு. சளிக்காய்ச்சலில் பெரும்பகுதி வைரஸால் வருவது. அதன்மீது இம்மருந்துகளுக்கு எந்த வேலையும் இல்லை. நான் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது நான்கைந்து நாளில் தணிந்திருக்கும். கைராசி என்று பெயர் பெற்றது இந்த இயற்கைதான்.

மருத்துவத்தைக் கூறுபடுத்திய வள்ளுவர் நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து கொடுப்பவன் என நால்வகை சொன்னார். நான் நான்காமவன், இரண்டாமவனின் இருக்கையில் ஏறி அமர்ந்திருந்தேன். மருத்துவம் அறியாதிருந்தும் மருத்துவம் செய்பவன் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்னும் கருத்தமைந்த நபிமொழி அபூதாவூதில் உள்ளது. அதையும் நான் பாடமாக நடத்தியவனே.

மருந்தைக் காப்பது எப்படி என்பதற்கு நம் சென்னையே உலகுக்கு ஒரு பாடம் தந்திருக்கிறது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்த புதிதில் அதைத் தனியாகக் கொடுத்தார்கள். பிரிட்டனில் நடந்து 1948இல் வெளியான புகழ்பெற்ற சோதனையில், முதல் ஆறு மாதத்தில் நோயாளிகள் தேறினார்கள். பிறகு பலரிடம் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றுக்குத் தப்பும் கிருமி மற்றதில் மாளும் என்பதை அதன் பின்னரே கண்டுகொண்டார்கள். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம், ஏழை நோயாளிகளை வீட்டிலேயே வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தும், வேறு சிலரைச் சானடோரியத்தில் வைத்துக் கொடுத்தும் ஒப்பிட்டது. 1959இல் வெளியான முடிவு உலகை வியக்க வைத்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள், அவர்களால் வீட்டாருக்குத் தொற்றும் கூடவில்லை. ஆனால், மருந்து தவறாமல் உள்ளே போக வேண்டும். ஒருவர் கண்முன் மாத்திரையை விழுங்கச் செய்யும் முறை சென்னையிலும் ஹாங்காங்கிலும் வளர்ந்து பின்னர் உலகெங்கும் பரவியது. கொடுக்கல் வாங்கலுக்குச் சாட்சி வேண்டும் என்று கற்ற நமக்கு, மாத்திரை விழுங்கவும் சாட்சி வைத்தார்கள் என்பது இனிய செய்தியே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. காசநோய்க்கு நீண்ட காலம் தேவை என்பதால், எல்லா நோய்க்கும் கூடுதல் நாள் உண்பதே நல்லது என்று கொள்ளக் கூடாது. பல தொற்றுகளுக்கு முன்பு சொல்லப்பட்டதைவிடக் குறைந்த நாட்களே போதும் என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. தேவைக்கு மேல் உண்ணும் ஒவ்வொரு நாளும் குடலில் உள்ள கிருமிகளுக்கு ஒரு நாள் பாடம். எத்தனை நாள் என்பது நோயையும் ஆளையும் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டியது. நாமே கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் உரியதன்று.

கால்நடைகளின் பக்கம் வருவோம். 1950இல் அமெரிக்காவில், ஆரியோமைசின் சிறிதளவு கலந்த தீவனம் உண்ட கோழிக்குஞ்சுகள் விரைந்து பருப்பதைக் கண்டார்கள். அன்று தொடங்கியது, நோயில்லாத பிராணிக்கு மருந்தூட்டும் வழக்கம். 1969இலேயே பிரிட்டனில் ஸ்வான் குழு, மனிதருக்குப் பயன்படும் இம்மருந்துகளைப் பருமனுக்காகத் தீவனத்தில் கலக்கலாகாது என்றது. ஐரோப்பிய ஒன்றியம் முழுமையாகத் தடுத்தது 2006 ஜனவரி முதல் நாளில். இடையில் கழிந்தது முப்பத்தாறு ஆண்டுகள். எல்லா மருந்தும் தோற்ற பின் மனிதருக்குக் கொடுக்கும் கடைசி மருந்துகளுள் ஒன்றான கோலிஸ்டினையும் தீவனத்தில் கலந்தார்கள். அதை எதிர்க்கும் திறம் கிருமிக்குக் கிருமி கைமாறக் கூடியது என்பது 2015 நவம்பரில் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்டது. பன்றிகளிடமும், கடை இறைச்சியிலும், மருத்துவமனை நோயாளிகளிடமும் அது காணப்பட்டது. 2017இல் சீனா அதைத் தீவனத்திலிருந்து நீக்கியது. 2019 ஜூலையில் இந்தியா, உணவுக்கான பிராணிகளுக்கு அதைக் கொடுப்பதைத் தடை செய்தது.

என் சகோதரிக்குக் கடைசியாகக் கொடுத்த மருந்தின் பெயரும் கோலிஸ்டின்தான்.

கோழி வாங்கப் போனால், அறுத்தவர் பிஸ்மி சொன்னாரா என்று கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். அது என்ன தின்று வளர்ந்தது என்று நம்மில் எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நன்கு வேகவைத்தால் கிருமி சாகும், உண்மையே. ஆனால் பச்சை இறைச்சியைத் தொட்ட கையும், நறுக்கிய பலகையும், பண்ணையில் வேலை செய்பவரும், எருவாக வயலுக்குச் செல்லும் எச்சமும் வேகவைக்கப்படுவதில்லை. அதே வேளையில், நோயுற்ற மாட்டுக்கு மருந்தே கொடுக்காதே என்று சொல்வதும் அநீதி. வாயில்லா ஜீவனுக்கு நம்மீது ஹக்கு உண்டு. மடிவீக்கத்தால் துடிக்கும் பசுவுக்குக் கால்நடை மருத்துவர் ஊசி போடட்டும், அவர் சொல்லும் நாட்கள்வரை அதன் பாலைக் கறந்து விற்காதிருப்போம். நோய் தீர்ப்பதும் எடை கூட்டுவதும் ஒன்றல்ல.

எளியவன் மீது மட்டும் பழியைப் போட்டு எழுதி முடித்தால் அதுவும் நேர்மையாகாது. 2007இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், ஹைதராபாத் அருகே பட்டஞ்சேருவில், மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில், சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததாக எழுதினர். மருந்துண்ட மனிதனின் இரத்தத்தில் இருப்பதைவிட அது பன்மடங்கு. என் அறுபது பிள்ளைகளின் மாத்திரைகளை அதன் பக்கத்தில் வைத்தால் எம்மாத்திரம்? ஆயினும், அடுத்தவன் பெருங்கிணறு வெட்டினான் என்பது என் சிறுகிணற்றுக்கு நியாயம் ஆகாது.

இதைவிடக் கடினமான மறுப்பு வேறொன்று. மருத்துவர் இல்லாத ஊரில் ஒரு தாய். பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது. கையில் நூறு ரூபாய். மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. மருந்துக் கடையில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் மாத்திரை. அவளிடம் போய், 'உன் பிள்ளைக்குக் கொடுக்காதே, உலகில் யாருக்கோ தீங்கு வரும்' என்று எந்த வாயால் சொல்வது? உலகில் இம்மருந்துகள் மிகுந்ததால் இறப்போர் இருப்பது போலவே, கிடைக்காததால் இறப்போரும் இருக்கிறார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கொல்லும் தொற்றுகளில் நுரையீரல் அழற்சி இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. அதைத் தீர்க்கும் அமாக்ஸிசிலின் விலை மிகவும் குறைந்தது. அவளுக்கு இது ளரூரத், நிர்ப்பந்தம். நிர்ப்பந்தம் தன் அளவுக்குட்பட்டே அனுமதிக்கும் என்ற விதியை அவளுக்கு எடுத்துரைப்பதற்கு முன், அவ்வூருக்கு ஒரு மருத்துவரை அனுப்பாதவர்களிடம் அதை எடுத்துரைக்க வேண்டும். அவள் வெட்டிய கிணற்றுக்கு ளமான் அவளுடையது அன்று என்றே நான் கருதுகிறேன். மருத்துவர் பக்கத்துத் தெருவில் இருந்தும் சோம்பலால் பெட்டியைத் திறந்த எனக்கு அந்த விலக்கு இல்லை.

அரபியில் ஹகீம் என்ற சொல் ஞானியையும் குறிக்கும், மருத்துவனையும் குறிக்கும். அதே வேரிலிருந்து பிறந்த ஹகமா என்பது குதிரையின் வாயில் இடும் கடிவாளம். ஒன்றை அதற்குரிய இடத்தில் வைப்பதே ஹிக்மத் என்பர். சென்ற மழைக்காலத்தில் இதன் பொருள் எனக்குக் கண்கூடாயிற்று. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலும் இருமலும். பக்கத்துத் தெரு மருத்துவர் பார்த்துவிட்டு, வெந்நீரும் ஓய்வும் போதும் என்றார். பிள்ளையின் தகப்பனார் தொலைபேசியில் என்னைக் கடிந்துகொண்டார்: "முன்னெல்லாம் நீங்களே மாத்திரை கொடுப்பீங்களே ஹஜ்ரத், இப்ப பிள்ளைங்க மேல அக்கறை குறைஞ்சு போச்சா?" நான்காம் நாள் அவன் பந்து விளையாடிக் கொண்டிருந்தான். அதே வாரம் இன்னொருவனுக்கும் அதே காய்ச்சல், அதே இருமல். ஆனால் மூச்சு வேகமாக இருந்தது. மருத்துவர் மார்பில் கருவியை வைத்துப் பார்த்ததும் முகம் மாறி, அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். நுரையீரல் அழற்சி. அவனுக்குக் கொடுத்தது அமாக்ஸிசிலின். என் பெட்டியில் கிடந்த அதே மருந்து. ஐந்து நாளில் எழுந்துவிட்டான். எனக்கோ இருவரின் இருமலும் ஒன்றாகவே கேட்டிருந்தது.

பெட்டியைக் காலி செய்துவிடலாம் என்று அன்றிரவு திறந்தேன். அட்டைகளின் பின்புறத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு. மருத்துவர் சீட்டின்றி உண்ணாதீர் என்பதற்கு அடையாளம் அது என்று 2016இல் அரசு விளம்பரம் செய்திருந்தது. 2014 மார்ச் முதல் இவற்றுள் பலவற்றை விற்கும்போது, எழுதிய மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. எத்தனை அட்டைகளில் எத்தனை ஆண்டுகளாக அந்தக் கோட்டைப் பார்த்திருப்பேன்! அலங்காரம் என்றே எண்ணியிருந்தேன்.

இருபத்துமூன்று அட்டைகள், ஒவ்வொன்றிலும் பாதி மாத்திரைகள். சாக்கடையில் கொட்டினால் அது ஆற்றுக்குப் போகும். மதரஸாவின் பின்புறம் புதைத்தால் மழைநீர் அதைக் கரைத்துக் கீழே கொண்டு செல்லும். அங்கே பத்தடி தூரத்தில் எங்கள் ஒளுக் கிணறு. மருந்துக் கடையில் கேட்டேன். விற்றதைத் திரும்ப வாங்கும் வழக்கம் இல்லை என்று சிரித்தார்கள். இப்போதைக்கு அவற்றை ஒரு தகர டப்பாவில் போட்டுப் பூட்டி, சாவியை நானே வைத்திருக்கிறேன்.